சுரங்க நீரைச் சுத்தம் செய்யும் மண்

நெல் வயலில் தேங்கிய சேற்றை மிதித்தால் குமிழ் கிளம்பும். சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். காற்றோட்டம் இல்லாத மண்ணில் கந்தக வாயு உண்டாகிறது என்பதற்கு அது அடையாளம். வேர் கறுத்துப் போகுமே என்று நாம் தண்ணீரை வடித்து வயலை ஆறப் போடுகிறோம். பயிருக்கு ஆகாத இந்தச் சேற்றை வேண்டுமென்றே உண்டாக்கி, அதன் வழியாக விஷ உலோகம் கலந்த தண்ணீரைச் செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் காமர்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டிய பண்ணை நிலம் ஒன்றில் 2008ஆம் ஆண்டு இந்த ஏற்பாடு அமைக்கப்பட்டது. அங்கே உபயோகிக்கும் சரக்குகள் மூன்று: காளான் அறுவடை முடிந்த பின் கழிக்கப்படும் எரு, மரச்சிராய், சுண்ணாம்புக்கல் மணல். மூன்றும் விவசாயிக்குப் பழக்கமானவை. இவற்றைக் கலந்து செய்த மண் என்ன வேலை செய்கிறது, எதைச் செய்யாது என்பதைப் பார்ப்போம்.

சுரங்கம் மூடிய பின் வந்த வினை

ஓக்லஹோமாவின் வடகிழக்கு மூலையில் பிச்சர், காமர்ஸ் முதலிய ஊர்களைச் சுற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஈயமும் துத்தநாகமும் வெட்டி எடுக்கப்பட்டன. நிலத்தின் பெரும்பகுதி குவாபா பழங்குடியினருக்கு உரியது. இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கப் படைகளின் தோட்டாக்களுக்கு இங்கிருந்துதான் ஏராளமான ஈயம் போனது. 1970ஐ ஒட்டிச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

வேலை நடந்த காலம் முழுவதும் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரைப் பம்புகள் இறைத்துக்கொண்டே இருந்தன. கம்பெனிகள் போனதும் பம்புகளும் நின்றன. நிலத்தடிக் குடைவுகளில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. 1979ஆம் ஆண்டு, மூடாமல் விட்ட பழைய துளைகள் வழியாக அது தரைமட்டத்துக்கு வந்து பொங்கத் தொடங்கியது. குதிரைகள் மேய்ந்த புல்வெளியில் ஊற்று கிளம்பியது. டார் ஓடை என்னும் சிற்றாறு ஆரஞ்சு நிறமாக மாறியது. அதில் மீன் இல்லாமல் போயிற்று.

1983ஆம் ஆண்டு மத்திய அரசு இப்பகுதியை மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்த்தது. மழைநீர் குடைவுகளுக்குள் இறங்காதபடி கரைகள் கட்டிப் பார்த்தார்கள், ஊற்று குறையவில்லை. ஓடைக்கு நேர்ந்தது மனிதனால் விளைந்த, இனித் திருத்த முடியாத சேதம் என்று 1980களில் அரசு ஏடுகளில் எழுதியும் வைத்தார்கள். நிலத்தின் மேலே குவிந்து கிடந்த சுரங்கச் சல்லியின் தூசியால் வந்த கேடு வேறு. 1990களில் பரிசோதிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் ஈயம் வரம்பை மீறியிருந்தது. குடியிருந்தவர்களின் வீடுகளை அரசு விலைக்கு வாங்கி அவர்களை வெளியேற்றியது. 2009ல் பிச்சர் நகராட்சியே கலைக்கப்பட்டது.

‘திருத்த முடியாதது’ என்று எழுதப்பட்ட தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் காளான் எருவும் மரச்சிராயும் திருத்திக் காட்டின.

தெளிந்த நீர் ஏன் சிவக்கிறது?

ஈயமும் துத்தநாகமும் பூமிக்குள் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த கல்லாகவே இருக்கின்றன. கூடவே பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கல்லும் இருக்கும். காற்றும் ஈரமும் படாதவரை இவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சுரங்கம் குடைந்து காற்றை உள்ளே விட்டதும் பைரைட்டு மெல்லத் துருப்பிடித்துக் கந்தகாமிலமாகவும் கரையும் இரும்பாகவும் பிரிகிறது. களர் நிலத்தைச் சீர்திருத்த பீகாரின் அம்ஜோரில் கிடைத்த பைரைட்டை வட இந்தியாவில் வயலில் போட்டு வந்தார்களே, அது இதே குணத்தை நம்பித்தான். ஈர மண்ணில் அது அமிலமாகி உவரின் காரத்தைத் தணிக்கிறது. வயலில் உதவிய அமிலம் சுரங்கத்துக்குள் மற்ற உலோகங்களையும் கரைத்துத் தண்ணீரில் சேர்த்துவிடுகிறது.

காமர்ஸ் ஊற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் இரும்பும், சுமார் 10 மில்லிகிராம் துத்தநாகமும், சிறு அளவில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய விஷப் பொருள்களும் இருந்தன. ஆனால் அங்குள்ள பாறை சுண்ணாம்புப் பாறையாக அமைந்தது ஒரு நல்வாய்ப்பு. அமிலத்தின் பெரும்பகுதியைப் பாறையே தணித்துவிட்டது. அதனால் ஊற்று நீர் கண்ணுக்குத் தெளிவாகவே வெளிவரும். காற்றுப் பட்ட பின்தான் அதில் கரைந்துள்ள இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து துருவாகித் திரளும். சில ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, குடத்தில் சில மணி நேரம் வைத்ததும் செம்மஞ்சளாகி அடியில் வண்டல் படிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் அதுதான். அளவு மட்டும் பல மடங்கு.

செடியா, மண்ணா?

இந்த முறைக்கு வழி காட்டியவை இயற்கைச் சதுப்புகள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் அமில நீர் ஸ்பாக்னம் என்னும் பாசி வளர்ந்த சதுப்பு நிலத்தைக் கடந்து போனபோது நல்ல நீராக வெளியேறியதை ஒஹாயோ மாநிலத்தில் 1970களின் பிற்பகுதியிலும், மேற்கு வர்ஜீனியாவில் 1980களின் தொடக்கத்திலும் ஆய்வாளர்கள் கண்டார்கள். உடனே பல இடங்களில் பாசியைக் கொண்டுவந்து பரப்பிச் செயற்கைச் சதுப்புகள் அமைத்தார்கள். பாசி உலோகத்தை உறிஞ்சியது. உறிஞ்சிய அளவு மிஞ்சியதும் செத்துப்போனது. அதன் இடத்தில் சம்பங்கோரை வைத்தார்கள். கோரை நன்றாக வளர்ந்தது. ஆனால் கோரையின் தண்டிலும் இலையிலும் சேர்ந்த உலோகத்தை அளந்து பார்த்தால் தண்ணீரிலிருந்து குறைந்ததில் அது மிகச் சிறு பங்காகவே இருந்தது.

மீதி எங்கே போயிற்று என்று தேடியபோது, பெரும்பகுதி நீரின் அடியிலும் எருப் படுகையிலும் படிந்திருப்பது தெரிந்தது. அதற்குப் பின் ஆராய்ச்சி செடியை விட்டு மண்ணின் பக்கம் திரும்பியது. எந்தத் தண்ணீருக்கு எந்தக் கலவை, எவ்வளவு பரப்பு, எந்த வரிசை என்று கணக்குகள் உண்டாயின. 1994ஆம் ஆண்டு ஹெடின், நேர்ன், கிளைன்மன் என்னும் மூவர் அமெரிக்கச் சுரங்கத் துறைக்காக எழுதிய கையேடு இந்தக் கணக்குகளைத் தொகுத்துத் தந்தது. அவர்களில் ஒருவரான ராபர்ட் நேர்ன் பின்னர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காமர்ஸ் பண்ணையில் மண் படுகைகளை வடிவமைத்தது அவருடைய குழுதான்.

மண் கலவை

கலவையின் அளவு வருமாறு: நூறு கூடையில் 45 கூடை காளான் எரு, 45 கூடை மரச்சிராய், 10 கூடை சுண்ணாம்புக்கல் மணல். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

காளான் எரு என்பது வைக்கோல், சாணம், ஜிப்சம் முதலியவற்றை மக்க வைத்துக் காளான் வளர்த்து முடித்த கழிவு. பாதி மக்கிய நிலையில் இருப்பதால் நுண்ணுயிர்களுக்கு உடனடித் தீனியாகிறது. நுண்ணுயிர்களையும் தன்னோடு கொண்டு வருகிறது. ஆனால் எருவை மட்டும் கொட்டினால் சீக்கிரம் அமுங்கிக் களிபோல் இறுகிவிடும்; தண்ணீர் இறங்காது.

மரச்சிராய் அந்த இறுக்கத்தைத் தடுக்கிறது. படுகைக்குள் சந்துகளை உண்டாக்கித் தண்ணீருக்கு வழி விடுகிறது. மரம் மெதுவாக மக்குவதால் பல ஆண்டுகளுக்குச் சேமிப்புத் தீனியாகவும் இருக்கிறது. எரு அன்றாடச் சாப்பாடு என்றால் மரச்சிராய் குதிரில் போட்ட நெல்.

சுண்ணாம்புக்கல் மணல் அமிலத்தைத் தணிக்கிறது. நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் கடும் அமிலத்தில் வேலை செய்வதில்லை.

இந்தக் கலவையைக் குழிகளில் பரப்பி, அடியில் சரளைக்கல்லும் துளையிட்ட குழாய்களும் பதிக்கிறார்கள். மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும். அது மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி மண்ணைக் கடந்து குழாய் வழியே வெளியேறும். பம்பு கிடையாது, மின்சாரமும் கிடையாது. நிலத்தின் சரிவே தண்ணீரைத் தள்ளுகிறது.

சேற்றுக்குள் நடக்கும் காரியம்

மேலே தண்ணீர் நிற்பதால் காற்று உள்ளே போவதில்லை. இருக்கும் கொஞ்சப் பிராணவாயுவையும் எருவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் வேறொரு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. இவற்றுக்குப் பிராணவாயு வேண்டாம். சுரங்க நீரில் ஏராளமாகக் கரைந்துள்ள சல்பேட்டிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதுதான்.

இந்தக் கந்தகத்துக்குத் துத்தநாகம், ஈயம், காட்மியம் ஆகியவற்றோடு பலமான ஒட்டு. சந்தித்த மாத்திரத்தில் சேர்ந்து, தண்ணீரில் கரையாத தூளாகி மண்ணில் படிந்துவிடும். சுரங்கத்தில் வெட்டி எடுத்த ஈயக் கல்லும் துத்தநாகக் கல்லும் என்ன சேர்க்கையோ, கிட்டத்தட்ட அதே சேர்க்கை. பூமிக்குள் கல்லாக இருந்து, காற்றுப் பட்டுக் கரைந்து, ஓடையைக் கெடுத்த உலோகம் மறுபடி பழைய உருவத்துக்கே திரும்புகிறது.

இதே குணம் நம் வயலில் நஷ்டமாக முடிவதுண்டு. நடவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் இலையின் நடு நரம்பு வெளுத்து, பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் குன்றி நின்றால் துத்தநாகப் பற்றாக்குறை என்கிறோம். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்கிறார்கள். மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிடைக்காமல் போவதற்கு, இடைவிடாமல் நீர் தேங்கிய சேற்றில் அது கரையாத உருவத்தில் கட்டுண்டு விடுவதும் ஒரு காரணம். வயலில் நம்மை வருத்தும் இந்தக் கட்டு, சுரங்க நீருக்கு மருந்தாகிறது.

வரிசை தவறக் கூடாது

ஊற்று நீரை நேராக எருப் படுகையில் விட்டால் சில மாதங்களிலேயே இரும்புத் துரு சந்துகளை அடைத்துவிடும். ஆகவே காமர்ஸில் சுமார் ஐந்து ஏக்கர் பரப்பில் பத்துக் குளங்களும் படுகைகளும் அமைத்தார்கள். முதல் குளமும் கடைசிக் குளமும் பொது. நடுவில் உள்ளவை இரண்டு வரிசைகள்; ஒரு வரிசையை மராமத்துக்கு நிறுத்தினால் மற்றது வேலை செய்யும்.

முதலில் அகன்ற குளம். இங்கே நீர் காற்றுப் பட்டுச் சிவந்து, இரும்பு வண்டலாகப் படிகிறது. புதிதாகத் திரளும் இரும்புத் துரு ஆர்சனிக்கையும் தன்னோடு பற்றிக்கொண்டு அடியில் இறங்குகிறது. அடுத்தது கோரை வளர்ந்த ஆழமற்ற சதுப்பு. தப்பி வந்த இரும்பு அங்கே தங்கிவிடும். மூன்றாவதாகத்தான் எருப் படுகை. அதைக் கடந்த நீரில் துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் போயிருக்கும்; ஆனால் பிராணவாயு இராது, நாற்றமும் இருக்கும். எனவே நான்காவதாக, காற்றாடி ஒரு வரிசையிலும் சூரிய சக்தி மற்றொரு வரிசையிலும் இயக்கும் கருவிகளால் நீருக்குள் காற்றை ஊதுகிறார்கள். ஐந்தாவது சுண்ணாம்புக்கல் படுகை. கடைசியாக ஒரு சதுப்புக் குளம். அதிலிருந்து நீர் ஓடையில் விழுகிறது.

அமைத்த முதல் ஆண்டுகளில் செய்த சோதனைகளில், வெளியேறும் நீரில் இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவை கருவியில் தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தன. சுத்தமான நீர் விழும் கிளை ஓடையில் மீன்கள் திரும்பி வந்தன. அணை கட்டி வாழும் பீவர் என்னும் பிராணியும் வந்தது. 2017ல் அதே ஊரின் தென்கிழக்கில் மற்றோர் ஊற்றுக்கும் இதே மாதிரி அமைப்பு கட்டி முடிக்கப்பட்டது.

இந்த முறையின் குறைகள்

நன்மையைச் சொல்லும்போது குறையையும் சொல்வதே முறை.

முதலாவது, உலோகம் மறைவதில்லை. தண்ணீரிலிருந்து மண்ணுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 500 லிட்டர் ஊற்று நீர், லிட்டருக்கு 200 மில்லிகிராம் இரும்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் படியும் இரும்பு மட்டும் 144 கிலோ. ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல். முதல் குளம் ஒரு நாள் நிறைந்தே தீரும். அன்று வண்டலை வாரியாக வேண்டும். சுத்தமான இரும்பு வண்டலாக இருந்தால் ஒஹாயோவில் செய்வதுபோல் வர்ணம் தயாரிக்கக் கொடுக்கலாம். ஆர்சனிக் கலந்திருந்தால் அதுவும் முடியாது.

இரண்டாவது, எருப் படுகைக்கு ஆயுள் உண்டு. பத்து, இருபது ஆண்டுகளில் தீனி தீரும், சந்துகள் அடைபடும். பழைய மண்ணை எடுத்துப் புதிது போட வேண்டும். எடுத்த மண்ணில் ஈயமும் காட்மியமும் இருப்பதால், எரு போல் இருக்கிறதே என்று எந்த வயலிலும் கொட்டக் கூடாது. அந்தக் குளத்தில் வளர்ந்த கோரையை மாட்டுக்குப் போடவும் கூடாது.

மூன்றாவது, படுகை ஒருபோதும் காயக் கூடாது. தண்ணீர் வடிந்து காற்று உள்ளே புகுந்தால் தூளாகக் கட்டுண்ட உலோகம் மறுபடி துருப்பிடித்துக் கரையத் தொடங்கும். நெல் வயலுக்கு ‘ஆறப் போடு’ என்பது நல்ல யோசனை. இந்த மண்ணுக்கு அதுவே கேடு.

நான்காவது, குளிர் காலத்தில் நுண்ணுயிர்களின் வேகம் குறையும். புதுப் படுகையிலிருந்து முதல் சில மாதங்கள் எருச் சாறு இறங்கிப் பழுப்பு நிற நீர் வரும். அதையும் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காமர்ஸில் சுத்தமாவது சில ஊற்றுகளின் நீர் மட்டுமே. டார் ஓடையில் கலக்கும் மற்ற ஊற்றுகளுக்கு வழி செய்யாதவரை ஓடை முழுவதும் தெளியப் போவதில்லை. நிலம் வேண்டும், பணம் வேண்டும், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

ஸ்பெயினிலும் செய்கிறார்கள்

மண்ணைச் ‘செய்வது’ என்பதை மண்ணியல் விஞ்ஞானிகள் விளையாட்டாகக் கருதுவதில்லை. மனிதன் ஆக்கிய பொருள்களால் ஆன மண்ணுக்கு டெக்னோசால் என்று பெயர் கொடுத்து, உலக மண் வகைப் பட்டியலில் 2006ஆம் ஆண்டு தனி இனமாகவே சேர்த்துவிட்டார்கள். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில் உள்ள கலீசியாவில், டூரோ என்னும் ஊரில் 1980களில் நின்றுபோன தாமிரச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே அமில நீரைத் தணிக்கவும் மொட்டைக் குவியல்களை மூடவும் இப்படிச் செய்த மண்ணையும் சதுப்புகளையும் பயன்படுத்துகிறார்கள். சான்டியாகோ டி கம்போஸ்டெலா பல்கலைக்கழகத்தார் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். கலீசியக் கடற்கரையில் சிப்பி வளர்ப்பு பெரிய தொழில். சதையை எடுத்த பின் மலைபோல் குவியும் ஓடுகள் சுண்ணாம்புச் சத்துக்கு உதவுகின்றன. கிளிஞ்சல் சுண்ணாம்பை அறிந்த நமக்கு இதில் புதுமை இல்லை. அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் கழிவைக் கொண்டே கலவையைத் தீர்மானிக்கலாம் என்பதே இதிலிருந்து தெரிவது. ஆனால் ‘மண் செய்கிறோம்’ என்ற பெயரில் எந்தக் கழிவையும் கொண்டுவந்து கொட்டுவதற்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. என்ன கலக்கிறார்கள், அதில் ஏற்கனவே உலோகம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே சேர்க்க வேண்டும்.

விவசாயிகள் கவனத்துக்கு

இதைப் படித்துவிட்டு, குடிக்கும் கிணற்று நீரைக் காளான் எருவில் வடிகட்ட யாரும் முற்பட வேண்டாம். இது ஓடைக்கான வைத்தியம், குடத்துக்கானது அல்ல. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி. தெளிவாக இருப்பதால் நல்ல நீர் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்குக் காமர்ஸ் ஊற்றே சாட்சி.

எருவும் சுண்ணாம்பும் சேர்ந்த உயிருள்ள மண் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதற்கு எல்லை உண்டு என்பதும் தெரிகிறது. ஓக்லஹோமாவில் சுமார் எழுபது ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அதன் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு முடிவு நாள் குறிக்க இன்னும் யாராலும் முடியவில்லை. எங்கே சுரங்கம் தோண்டினாலும், கடைசிப் பம்பு நின்ற மறுநாள் அந்தத் தண்ணீர் எங்கே போகும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முதல் குழி வெட்டும் முன்னரே பக்கத்து நிலத்துக்காரர்கள் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.